யாரும் சாகாத தீவு

ஊற்றுத்தீவில் யாரும் சாவதில்லை.

மதுரை நோய் வரைபட மையத்தின் கணினி அப்படித்தான் சொன்னது. நாடியைக் கண்காணிக்கும் கைப்பட்டையை எல்லோரும் கட்டும் வழக்கம் வந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அந்தப் பன்னிரண்டு வருடங்களில் ஊற்றுத்தீவில் ஒரு நாடித்துடிப்புகூட நின்றதில்லை. மாநில வரைபடத்தில் கடலுக்குள் கடுகு போலக் கிடக்கும் அந்தத் தீவு எப்போதும் வெள்ளை. மையத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "ரிட்டயர் ஆனதும் இங்கே போய் செட்டில் ஆயிடணும்" என்று சொல்வது அங்கே ஒரு பழைய ஜோக்.

நீலநகக் காய்ச்சலின் இரண்டாவது அலை வந்த பிறகு அந்த ஜோக்கை யாரும் சொல்லவில்லை.

முதலில் நகம் நீலமாகும். இரண்டு வாரம் போல வேறு தொந்தரவு இருக்காது. பிறகு மூச்சு திணறும். திணறல் தொடங்குவதற்குள் ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார். தொடங்கிவிட்டால் ஊசியால் பயனில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவி மாட்டினால் பத்தில் ஒருவர் தப்பலாம்.

ஊசி மருந்து தினமும் கொஞ்சம்தான் தயாரானது. அதை யாருக்கு அனுப்புவது என்று வரைபடம் முடிவு செய்தது. ஒவ்வொரு விடியற்காலையும் மாநிலத்தின் அத்தனை வார்டுகளுக்கும் அது நிறம் பூசும். சிவந்த வார்டுகளுக்கு ஆளில்லா விமானங்கள் பெட்டிகளைச் சுமந்து கிளம்பும். மக்கள் அவற்றைத் தட்டான் என்றார்கள்.

இதில் மனிதக் கை படக்கூடாது என்பது சட்டம். முதல் அலையில் மருந்தெல்லாம் பங்களாக்களுக்குப் போனது. ஜனங்கள் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். அதன் பிறகு வந்தது கைபடாச் சட்டம். அமைச்சரும் சரி, டாக்டரும் சரி, வரைபடத்தின் நிறத்தை மாற்றினால் சிறை. அந்தச் சட்டம் வேண்டும் என்று நடுரோட்டில் உட்கார்ந்த கல்லூரி மாணவிகளில் ஆதிரையும் ஒருத்தி. இன்று அதே வரைபடத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் புள்ளியியலாளர் அவள்.

மையத்தில் ஒவ்வொருவரும் தினம் ஒரு மணி நேரம் புகார்த் தொலைபேசியில் உட்கார வேண்டும். அதற்கு வசவு நேரம் என்று பெயர். அன்று ஆதிரையின் முறை. வழக்கமான நாலைந்து வசவுகளுக்குப் பிறகு ஒரு நிதானமான குரல் வந்தது.

"மேடம், நான் ஊற்றுத்தீவு நர்ஸ் தெக்லா பேசுதேன். எங்க ஊருக்கு ஊசி வேணும்."

ஆதிரை திரையைப் பார்த்தாள். தீவு வெள்ளையாக இருந்தது. அதைச் சொன்னாள்.

"உங்க திரையில வெள்ளை மேடம். இங்க நகமெல்லாம் நீலம். நானூறு பேர்ல பாதிக்கு மேல."

வெள்ளை வார்டுகளுக்குச் சோதனைப் பொட்டலம் மாதம் ஒன்றுதான் வரும். தெக்லா அதைப் பிரித்து நாலு பேருக்குப் பார்த்திருக்கிறாள். நாலு பேருக்கும் நோய். முடிவை அன்றே அனுப்பியும் விட்டாள். அனுப்பியது உண்மைதான், பதிவில் இருந்தது. ஆனால் நிறம் மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று ஆதிரைக்குத் தெரியும். நூறு முறை மேடையில் விளக்கிய விஷயம்.

"ஒரு சின்ன ஊர்ல நாலு பேருக்குப் பாத்து நாலு பேருக்கும் நோய்னு வந்தா, கணக்கு அதை அப்படியே எடுத்துக்காதுங்க. தற்செயலா இருக்கலாம். அதனால பக்கத்து ஊர்ல என்ன நிலைமைன்னு பாக்கும். நேத்து, போன வருஷம் எப்படி இருந்துச்சுன்னு பாக்கும். எல்லாம் சேந்து அந்த நாலை ஒரு பக்கமா இழுக்கும்."

"எங்க பக்கத்து ஊரு கடலு மேடம். அது எந்தப் பக்கம் இழுக்கும்?"

ஆதிரை தீவின் பழைய பதிவுகளைத் திறந்தாள். எல்லையைத் தொட்டுக்கொண்டு ஊர் எதுவும் இல்லாத தீவுக்கு அதன் பழைய நாட்கள் மட்டுமே சாட்சி. ஊற்றுத்தீவின் பழைய நாட்களில் ஒரு சாவும் இல்லை. ஒரு சாவு என்பது நூறு சோதனைக்குச் சமம் என்று கணக்கில் எழுதியிருந்தது. சோதனையில் ஏமாற்றலாம், சாவில் ஏமாற்ற முடியாது என்பது நம்பிக்கை.

"உங்க ஊர்ல யாரும் இன்னும் சாகலையே" என்றாள்.

"இந்த மாசம் ஒம்பது பேரு செத்தாச்சு மேடம். ஆனா ஊர்ல சாகல. எங்க ஊர்ல யாரும் சாகக் கூடாது."

பிறகு தெக்லா சொன்னதை ஆதிரை குறுக்கிடாமல் கேட்டாள். தீவில் ஒரே ஒரு நன்னீர் ஊற்று. மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் தங்கி, அதுதான் ஊறி வருகிறது. தீவில் எங்கே பிணத்தைப் புதைத்தாலும் அது குடிதண்ணீரில் கலக்கும். அதனால் முன்னோர் காலம் தொட்டே தீவில் கல்லறை கிடையாது. கல்லறை எதிர்க்கரையில், கீழமுனையில். ஆனால் மீன்பிடி வள்ளத்தில் பிணத்தை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அந்த வள்ளம் பிறகு கடலுக்கு ஆகாது. பிணத்தோடு அடுத்தவர் கரையில் ஏறவும் கூடாது. தீவில் புதைக்கக் கூடாது, வள்ளத்தில் பிணம் ஏற்றக் கூடாது என்றால் ஒரே ஒரு வழிதான் மிச்சம். உயிர் இருக்கும்போதே கொண்டுபோய்விட வேண்டும். கைகால் குளிர்ந்தால் வள்ளம் தயாராகிவிடும். கீழமுனைக் கரைக் கொட்டகையில் படுக்கவைத்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் வரக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் காத்திருக்கும்போதே முடிந்துவிடும்.

கைப்பட்டை அங்கே வைத்து மேலே செய்தி அனுப்பும். இடம், கீழமுனை.

ஆதிரை கீழமுனையைத் திறந்து பார்த்தாள். கடற்கரையிலேயே அடர்ந்த சிவப்பு அதுதான். சோதனைகள் ஏராளமாக எடுத்திருந்தார்கள், ஒன்றில்கூட நோய் இல்லை. ஆனாலும் சாவுகள் விழுந்துகொண்டே இருந்தன. கணக்கு சாவைத்தான் நம்பியது.

"தினம் தட்டான் வருது மேடம், கீழமுனைக்கு" என்றாள் தெக்லா. "எல்லாரும் போட்டு முடிச்சாச்சு. மிச்சப் பெட்டிய பொழுது சாஞ்சதும் கொளுத்துதாவ. எங்க கரையில நின்னு பாத்தா புகை தெரியும்."

அந்தப் பெட்டிகளை வாங்கி வர முடியாது. ஒரு வாரமாவது அந்த வார்டில் படுத்து எழுந்த கைப்பட்டைக்குத்தான் பெட்டி திறக்கும். நாலு குடும்பங்களை அழைத்துக்கொண்டு தெக்லா அங்கேயே போய்த் தங்கப் பார்த்திருக்கிறாள். கீழமுனைக்காரர்கள் துடுப்போடு கரையில் நின்றார்களாம். உங்கள் சாவால்தான் எங்கள் ஊர் சிவந்து, எங்கள் மீனை ஒரு வியாபாரியும் தொடுவதில்லை என்றார்களாம். சாகப்போகிறவர்களை இறக்கலாம், மற்றவர்கள் கால் வைக்கக் கூடாது.

"என்னமாவது செய்யுங்க மேடம்" என்றாள். கெஞ்சலாக இல்லை. அவசரமாக ஒரு சாமான் வாங்கி வரச் சொல்வதுபோல இருந்தது.

மையத்தின் இயக்குநர் பிரவீனுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம். முதல் அலையில் மகனைப் பறிகொடுத்தவர். ஆதிரை சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இறந்த இடத்துக்குப் பதிலாகச் சொந்த ஊரைக் கணக்கில் எடுத்தால் போதும், தீவு சிவந்துவிடும் என்றாள் ஆதிரை. அவர் தலையை ஆட்டினார். முதல் அலையில் பணக்காரர்கள் சிவப்பு வார்டுகளில் ஆயிரக்கணக்கில் பொய் முகவரி வாங்கினார்கள், அதனால்தான் முகவரியே கணக்கில் வரக்கூடாது என்று சட்டத்தில் எழுதியாயிற்று என்றார். விதியை மாற்ற மனுப் போடலாம். பொதுமக்களின் ஆட்சேபணை கேட்க வேண்டும், குழு கூட வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும்.

"ரெண்டு மாசத்துல அந்தத் தீவுல ஊசி போட யாரும் இருக்க மாட்டாங்க சார்."

"எனக்குத் தெரியாதா? மனு போடு, நானும் கையெழுத்து போடறேன். அதுக்கு மேல கை வச்சா நீயும் நானும் உள்ளே போறது பெரிசில்ல. நாளைக்கே இதைக் காட்டி ஒரு மந்திரி கை வைப்பான். அப்புறம் மறுபடியும் பங்களாவுக்குப் போகும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த ஊருக்கு மருந்து வேணும்னா அந்த ஊர்ல சாவு விழணும். அப்படி ஒரு கணக்கைத்தான் நாம எழுதி வச்சிருக்கோம்."

கசப்பில் சொன்ன வார்த்தை அது. யோசனையாக அவர் சொல்லவில்லை. ஆனால் ஆதிரை தன் இருக்கைக்குத் திரும்பியதும் அதைத்தான் செய்து பார்த்தாள். கணக்கின் நகல் ஒன்றில் ஊற்றுத்தீவில் ஒரு சாவைப் போட்டாள். நிறம் மாறவில்லை. பன்னிரண்டு வருட வெள்ளையில் ஒரு சாவு வந்தால், அது ஏதோ பிழை என்று கணக்கு ஒதுக்கியது. அடுத்த நாளும் ஒன்று போட்டாள், லேசாக ரோஜா நிறம் வந்தது. மூன்றாவது நாளும் ஒன்று போட்டாள்.

தீவு முழுவதும் சிவந்தது.

சாப்பாட்டு நேரம் முழுக்க மொட்டை மாடியில் நடந்தாள். பிறகு தெக்லாவைக் கூப்பிட்டாள்.

எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் இருக்கிறவர்களை வள்ளத்தில் ஏற்றாதீர்கள், தீவிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள்.

"எத்தன பேரு?" என்றாள் தெக்லா.

"மூணு. அடுத்தடுத்த நாள்ல. ஒண்ணு மட்டும்னா கணக்கு நம்பாது."

"ஒரு சாவ நம்பாதாக்கும்." தெக்லா சிரித்ததுபோல இருந்தது. "கடல்ல போனா?"

"கடல் எந்த வார்டும் இல்லைங்க. கணக்குல வராது. கரையை ஒட்டின ஆழமில்லாத தண்ணி வரைக்கும்தான் தீவு."

"சரி மேடம். இன்னைக்கு வள்ளம் ஏத்த வேண்டிய ஆளு எங்க வீட்டுக்காரரு."

தொடர்பு அறுந்துவிட்டது.

தெக்லாவின் கணவன் கஸ்பார். அவன் தம்பி மெல்கியோர். குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயரையும் வைத்துவிட வேண்டும் என்று அவர்களுடைய அப்பா ஆசைப்பட்டார். மூன்றாவது ராஜா பிறப்பதற்குள் கடல் அவரை எடுத்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்தில்தான் தொழில் செய்தார்கள். இந்த மாதம் சாகிறவர்களையெல்லாம் கீழமுனைக்குக் கொண்டுபோனதும் அந்த வள்ளம்தான்.

தெக்லா கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வள்ளத்தில் பாயைக் கூடாரம் போலக் கட்டி, அதன் நிழலில் கஸ்பாரைக் கிடத்தியிருந்தார்கள். மெல்கியோர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளத் தயாராக இருந்தான். தெக்லா அவனைப் பொறு என்று கைகாட்டிவிட்டு உள்ளே ஏறி, கணவனின் காதருகே குனிந்தாள். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை.

கஸ்பாருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

"எங்க... பொதைப்ப?"

"மேக்கு முனைல. ஊத்துக்கு ரொம்பத் தள்ளி. அங்க உப்புத் தண்ணிதான்."

"ஓதம் ஏறுனா... முங்கிருமே."

"ஆமா."

அவன் வானத்தைப் பார்த்தான். "நல்லது. வெயிலு அடிக்காது."

தெக்லா எழுந்து, "எறக்குலே மெல்கி" என்றாள். மெல்கியோர் நகரவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரும் பக்கத்தில் வரவில்லை.

"பத்துல ஒருத்தன் பொழைக்கான் மைனி. அது ஏன் எங்க அண்ணனா இருக்கக் கூடாது?"

தெக்லா கஸ்பாரின் தோளுக்கு அடியில் கை கொடுத்தாள்.

"ஃபோன்ல சொன்னாளே ஒருத்தி, அவ புருசன இப்படி எறக்குவாளா?"

"தெரியல. நான் எறக்குதேன். நீ கால் பக்கம் பிடி."

கஸ்பார் தன் வீட்டு வாசலில், தன் வலைகளின் மேல் படுத்து, இருட்டுவதற்கு முன் இறந்தான். தீவில் பிறந்த எவரும் இதுவரை ஊருக்குள் ஒரு சாவைப் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குழி எப்படி வெட்டுவது என்பதிலேயே வாக்குவாதம் வந்தது. கடைசியில் மெல்கியோர்தான் மண்வெட்டியை வாங்கினான்.

மறுநாள் விடியலில் வரைபடம் நிறம் பூசியது. ஊற்றுத்தீவு வெள்ளை. மூலையில் மட்டும், ஐயத்துக்குரிய தகவல் ஒன்று என்று ஒரு வரி.

அன்று சூசை என்ற கிழவர் போனார். அவரை வள்ளத்தில் ஏற்றியே தீருவோம் என்று மகன்கள் நின்றார்கள். கஸ்பாரே போகாத கரைக்கு நான் எதற்கு என்று கிழவர் கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாராம். மறுநாள் தீவு லேசாக ரோஜா நிறம் காட்டியது.

இன்னும் ஒன்று. அன்றைக்கே வேண்டும். ஒரு நாள் இடைவெளி விழுந்தால் நிறம் வெளுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆதிரை அதிகாலையிலேயே மையத்துக்கு வந்துவிட்டாள். ஒரு சாவுக்காகக் காத்திருந்தாள். தெக்லாவின் அழைப்பு வந்தது.

தீவில் அன்று கடைசிக் கட்டத்தில் இருந்தது ஒருத்திதான். மெல்கியோரின் மனைவி பிரகாசி. தெக்லா வேறொரு வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெல்கியோர் அவளைத் தூக்கி வள்ளத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"கரையில நின்னு பாத்தேன். கூப்பிடல. என் புருசன எறக்குனேன் மேடம். அவன் பொண்டாட்டிய எறக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆதிரை பிரகாசியின் கைப்பட்டையைத் திறந்தாள். அந்தப் பட்டையில் முகப்பு கிடையாது. கட்டியிருப்பவருக்கு அது எதையும் காட்டாது, மேலே மட்டும் சொல்லும். திரையில் ஒரு புள்ளி கீழமுனையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே நாடியின் கோடு, எறும்பு ஊர்ந்த தடம் போல மெலிந்து ஓடியது.

அவள் பிழைக்கட்டும் என்று நினைத்தாள். உடனே இருநூறு பேரின் நீல நகங்கள் நினைவுக்கு வந்தன. நினைப்பதை நிறுத்திவிட்டுப் புள்ளியை மட்டும் பார்த்தாள்.

பாதிக் கடல் தாண்டியதும் புள்ளி நின்றது. வெகு நேரம் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பியது.

மெல்கியோர் மனம் மாறிவிட்டான் என்றுதான் ஆதிரை எண்ணினாள். நாடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி தீவை நெருங்க நெருங்கக் கோடு தாழ்ந்தது. கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீருக்குள் வள்ளம் நுழைந்து சற்று நேரத்தில் கோடு படுத்துவிட்டது. வார்டு, ஊற்றுத்தீவு. ஆதிரை இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் தீவு சிவந்தது. தட்டான் கிளம்பியது.

முற்பகலில் புகார்த் தொலைபேசி ஒலித்தது. அன்றும் ஆதிரை அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், யாருடைய முறை என்று பார்க்கவில்லை. தெக்லாவின் குரல் கம்மியிருந்தது. பெட்டிகள் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு முடிந்தது. பெரியவர்களிலும் அநேகமாக முடிந்தது.

"மெல்கிதான் மேடம். அவன் நகமும் நீலம். போட்டுக்க மாட்டேங்கான். உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுத்தான் போடுவானாம். மருந்து பொழுது சாயுற வரைக்கும்தான் தாங்கும்."

ஃபோன் கை மாறியது.

"நடுக்கடல்ல பாத்தேன் மேடம்" என்றான் மெல்கியோர். "நெஞ்சு அசையல. மூக்குல வெரல் வச்சேன், ஒண்ணும் தட்டல. பொணத்தோட அடுத்தவன் கரை ஏறக் கூடாது. அண்ணன் பக்கத்துல பொதைச்சிரலாம்னு திருப்புனேன். இங்க வந்து எறக்கும்போது ஒடம்பு சூடா இருந்துச்சு. மைனி தொட்டுப் பாத்தாவ, ஒண்ணும் பேசல. உங்ககிட்ட எல்லாம் தெரியுமாம்ல. நான் திருப்பும்போது அவ உசிரோட இருந்தாளா?"

ஆதிரைக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் மனம் மாறித் திரும்பவில்லை. அவள் போய்விட்டாள் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறான். நேற்றுப் புள்ளி திரும்பியபோது ஓர் அழைப்பில், அவள் இருக்கிறாள், நேரே போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லையா, தோன்றியும் பேசாமல் இருந்தாளா என்று இனி எவ்வளவு யோசித்தாலும் அவளுக்கே தெரியப்போவதில்லை.

புகார் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். வரைபடத் தகவலைத் திரித்துச் சொல்கிற ஊழியருக்குச் சிறை என்பது அவள் ரோட்டில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய சட்டத்திலேயே இருந்தது.

"இல்லைங்க" என்றாள். "நீங்க திருப்பறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. "கடலு எந்த ஊருக்கும் சேராதுன்னு மைனி சொன்னாவ. கடல்ல போயிருந்தா கணக்குல வராது. அப்ப மூணாவது சாவு எது?"

"மூணு தேவைப்படல. ரெண்டே போதுமா இருந்திருக்கு. மூணுன்னு நான் சொன்னது என் தப்புக் கணக்கு."

"தப்புக் கணக்கா?"

"ஆமா."

பிறகு அவன் திட்டத் தொடங்கினான். நீயெல்லாம் என்ன படிச்ச என்று ஆரம்பித்தான். அண்ணனைச் சாகக் கொடுத்தது, இல்லாத ஒரு சாவைக் கேட்டு ஊரையே பேயாக அலையவிட்டது, அந்தப் பயத்தில் தான் பிரகாசியைத் திருடனைப் போலத் தூக்கிக்கொண்டு ஓடியது, அவள் வீட்டில் கிடந்து நிம்மதியாகப் போயிருக்க வேண்டியது என்று ஒன்றுவிடாமல் சொன்னான். கடற்கரையில் புழங்கும் அத்தனை வசவும் வந்தது. ஆதிரை எதையும் மறுக்கவில்லை. ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிரவீன் பதிவுக் கருவியின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்ததும் அவர் அதைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் போனார்.

மெல்கியோரின் குரல் உடைந்தது. ஃபோனை எங்கேயோ வைத்துவிட்டான், துண்டிக்கவில்லை. பெஞ்சு இழுபடும் சத்தம் வந்தது. தூரத்தில் தெக்லா பேசினாள். அவளுக்கு உண்மை தெரியும் என்பது அந்தக் குரலின் நிதானத்திலேயே தெரிந்தது.

"திட்டியாச்சுல்லா. கைய நீட்டு."

ஆதிரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பெட்டி மூடி திறந்தது. யாரோ இருமினார்கள். பிறகு ஊசியின் உறை கிழியும் சத்தம்.

"எரியுது மைனி" என்றான் மெல்கியோர்.